காவடிச்சிந்தில் திரிபும் இயைபும்

19ஆம் நூற்றாண்டுத் தமிழிலக்கிய வரலாற்றை எழுதப் புகுந்தோர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையையும் இராமலிங்க அடிகளையும் கோபாலகிருஷ்ண பாரதியாரையும் வேதநாயகம் பிள்ளையையும் விரித்துரைத்த பின்னர், சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரைப் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்து செல்வர். 'காவடிச்சிந்தின் தந்தை' என்னும் பட்டம் ஒன்றை அவருக்கு அளித்துவிடின், அவரைப் படிக்க வேண்டிய கடமை தீர்ந்துவிட்டதாகக் கருதுவர் போலும். பட்டம் அளித்து ஒதுக்குதலும் புறக்கணிப்பின் ஒரு வகையே ஆகும். கழுகுமலை முருகன்மீது அவர் பாடிய காவடிச்சிந்து நூற்றாண்டு கடந்தும் பாடப்பெறுகின்றது. பள்ளிப் பாடநூலிலும் இடம்பெற்றுள்ளது. ஆயினும் அது கவிதையாக ஆராயப்பெற்றது மிகக் குறைவு.

இதற்குக் காரணம், அந்நூல் எந்த அறைக்கும் முற்றும் உரியதாகாமல் நிற்பதே எனலாம். நாட்டுப்பாடல் திரட்டுவோர் ஆசிரியர் பெயர் அறியப்படாத பாடல்களைத் தேடிச் செல்வர். நா. வானமாமலை 1964இல் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' போன்ற சிறந்த தொகுப்புகளின் நோக்கம் அதுவே. அங்கே முத்திரையடி வைத்துப் பாடிய கற்ற புலவர்க்கு இடமில்லை. செய்யுளிலக்கியம் ஆராய்வோர்க்கோ சிந்து என்றாலே தெருப்பாட்டு என்னும் எண்ணம் எளிதில் நீங்குவதில்லை. இசைவாணர் அதனை விரும்பிப் பாடுகின்றனர். ஆனால் கச்சேரியின் இறுதியில், கனமான உருப்படிகள் முடிந்தபின், அவையை மகிழ்விக்கும் துக்கடாவாக ஒன்றோ இரண்டோ பாடி அமைகின்றனர். இவ்வாறு மூவர் கையிலும் அகப்பட்டு, மூவராலும் முழுமையாகக் கொள்ளப்படாத நூல் இது. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலிற் பிறந்த சிறுகதையாசிரியர் கு. அழகிரிசாமி இக்கவிஞர்பால் ஈடுபாடு கொண்டு, காவடிச்சிந்தைப் பதிப்பிக்கவும் கவிஞர் வரலாற்றை ஆராயவும் முற்பட்டதை இங்கு நன்றியுடன் நினைத்தல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் செய்திருக்க வேண்டிய பணியை, கரிசல் மண்ணின் கதைசொல்லி ஒருவர் மேற்கொண்டார்.

அண்ணாமலை ரெட்டியாரின் காலம் 1865 முதல் 1891 வரை என்பர். சென்னிகுளம் சங்கரன்கோவிலை அடுத்த சிற்றூர். 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் அடங்குவது. பதினெட்டு வயதளவில் அவர் ஊற்றுமலைச் சமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் அவையை அடைந்து அவைப்புலவர் ஆனார். திருவாவடுதுறை மடத்தின் கல்விச் சூழலிலும் தங்கிப் பயின்றவர்; உ. வே. சாமிநாதையரிடம் பாடங்கேட்டவர். காவடிச்சிந்தையன்றி, சங்கரன்கோயில் திரிபந்தாதி, கருவை மும்மணிக்கோவை, கோமதி அந்தாதி, வீரைத் தலபுராணம், வீரை நவநீதகிருஷ்ணசாமி பதிகம் ஆகியவற்றையும் இயற்றினார். முப்பதாண்டும் நிரம்பாத வாழ்வில் இத்துணை நூல்கள்! இவற்றுள் காவடிச்சிந்து ஒழிந்த ஏனையவை இன்று புலவர் சிலரன்றிப் பிறர் அறியாதன. அவர் காலத்து அவைகளில் ஒருவரைப் புலவர் என ஏற்பித்தவை அத்தகைய அந்தாதியும் கோவையும் தலபுராணமுமே என்பதையும் உடன் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஒருவரே இயற்றிய நூல்களுள் ஒன்று நிற்க, மற்றவை மறைந்தது ஏன்? 'சிந்து எளியது, அந்தாதி அரியது, எளியது நின்றது' என்பர் சிலர். இவ்விடை பொருந்துவதன்று. காவடிச்சிந்து எளிய நூல் என்போர் அதனை ஊன்றிப் படித்திலர். வடசொற்கள் மிடைந்த தொடர்களும், புராணக் குறிப்புகளும், பொருள்கொள்ள நின்று எண்ணவேண்டிய அடைமொழிகளும் அதிலே நிறைய உள. திரிபந்தாதி பாடிய புலமைதான் சிந்தையும் பாடியது. அப்புலமை ஓரிடத்தில் கேட்போரை விலக்கி நிறுத்திற்று. மற்றோரிடத்தில் அருகே அழைத்தது. வேறுபாடு எளிமையில் இல்லை. ஓசையை ஆளும் முறையில் உள்ளது என்பது நம் கருத்து. இதனைச் சிறிது விளக்குவோம்.

திரிபு என்பது, ஒரு செய்யுளின் நான்கடிகளிலும் முதலெழுத்து ஒன்றே வேறுபட, அடுத்துவரும் எழுத்துகள் பல ஒன்றாகவே நின்று வெவ்வேறு பொருள் தருமாறு பாடுவது. கேட்போன் செவிக்கு நான்கு முறையும் ஏறக்குறைய ஒரே ஓசைதான் எட்டும். அந்த ஒரே ஓசையுள் மறைந்துகிடக்கும் நான்கு சொற்பிரிவுகளைக் கண்டுகொள்வது அவன் கடமை. செவி ஒன்று என்று சொல்ல, அறிவு நான்கு என்று பிரிக்க வேண்டும். உரையாசிரியர் உதவியின்றி இது பெரும்பாலார்க்கு இயலாது. ஒலியொப்புமை இங்கே ஒரு பூட்டாகப் பயன்படுகின்றது.

காவடிச்சிந்தில் அதே ஒலியொப்புமையின் பணி வேறு. அந்நூற் பாடல்கள் பலவற்றின் அமைப்பை நோக்கின், ஓட்டமாகச் செல்லும் நீண்ட பகுதி ஒன்றும், அதனையடுத்து ஒரு சில சொல்லளவில் வெட்டென நிற்கும் குறும்பகுதி ஒன்றும் மாறி மாறி வரக் காணலாம். நீண்ட பகுதியிலே எதுகையும் மோனையும் உள்ளுக்குள்ளேயே அடுக்கி வரும். குறும்பகுதிகள் தம்முள் இயைபு பெற்று முடியும். ஓர் இயைபு வந்துவிட்டதாயின், அதன் இணை எப்போது வரும், எத்தகைய ஓசையோடு வரும் என்பது கேட்போர்க்கு முன்னரே தெரிந்துவிடுகின்றது. முன்னின்று பாடுவோர் நீண்ட பகுதியை ஒரே மூச்சில் இழுத்துச் செல்ல, உடன்வருவோர் அந்தக் குறும்பகுதியிலே வந்து சேர்ந்துகொள்வதற்கு ஏற்ற அமைப்பு இது. பாட்டு முழுவதையும் பாடஞ்செய்யாதவரும் அவ்விடத்தில் வாய்திறக்கலாம். ஒலியொப்புமை இங்கே திறவுகோலாகின்றது. திரிபிலே பொருளை ஒளித்துவைத்த அதே செவிப்பயிற்சி, சிந்திலே நினைவுக்குத் துணையாக வெளியில் வந்து நிற்கின்றது. எதிரொலியை அடுக்கும் திறன் இல்லாத புலவர் ஒருவர் இத்துணை நீண்ட ஓட்டங்களை வழுவாமற் கட்டியிருத்தல் அரிது. திரிபந்தாதி பாடிய கை என்பதனாலேயே இச்சிந்து நின்றது எனினும் தவறாகாது.

ஈண்டு ஓர் இலக்கணச் செய்தியையும் கூறிச் செல்வோம். யாப்பருங்கலம் முதலியன கூறும் சிந்தடி, முச்சீரான் வரும் அடி. இசைப்பாவாகிய சிந்து அதனின் வேறு. பின்னையதற்குப் பழைய யாப்பு நூல்களில் விரிவான இலக்கணம் இல்லை. அண்மைக் காலத்தே புதுவை இரா. திருமுருகன் 'சிந்துப் பாவியல்' என்னும் நூலால் அக்குறையை நீக்கினார். சிந்தில் குறிலும் நெடிலும் ஒற்றும் நேரசை நிரையசையாகக் கணக்கிடப்படுவதில்லை. தாளத்தின் அளவே அளவு. எழுத்துக் குறைந்த இடத்தை நீட்டி நிரப்பிக்கொள்ளலாம். மும்மை, நான்மை முதலிய நடைகள் அதற்குண்டு. இவ்விலக்கணத்தை ஏட்டில் எண்ணிப் பார்ப்போர்க்கு அது நெகிழ்ச்சியாகத் தோன்றும். தோளிற் காவடியோடு நடந்து பார்ப்பவனுக்கோ அது மிகக் கண்டிப்பான இலக்கணம். அடி தவறினால் காவடி சாயும். வெண்பாவில் தளை தட்டினால் புலவர்தாம் சிரிப்பர். சிந்தில் தாளம் தட்டினால் கூட்டமே நின்றுவிடும்.

ஊற்றுமலைச் சமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் சென்றபோது, வழிநடை வருத்தம் தோன்றாதிருக்கப் பாடப்பெற்றவை இப்பாடல்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்த வழியை நிலநூல் நோக்கிற் காண்பது நூலின் ஒரு பகுதியைப் புதிதாக விளங்கவைக்கும். சமீனின் இருக்கையாகிய வீரகேரளம்புதூர் (நூல்களில் 'வீரை') சிற்றாற்றுப் பாய்ச்சலுக்கு உட்பட்டது. குற்றாலத்து மலையிலிருந்து வரும் நீர் அவ்வூர்ப் பக்கம் ஓடுகின்றது. அங்கிருந்து வடகிழக்காகச் சங்கரன்கோவிலைக் கடந்து கழுகுமலையை நோக்கி நடப்போர், ஒரு பகலில் அடங்காத வழியில், ஆற்றுநிலத்தை விட்டு மானாவாரி நிலத்துட் புகுகின்றனர். கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற்காடு கழுகுமலைப் பக்கமும் பரந்து கிடப்பது. மழை பெய்தால் காலைப் பற்றிக்கொள்ளும் மண். கோடையில் காலே நுழையும் அளவுக்கு வெடிக்கும் மண். புரட்டாசி ஐப்பசி மழையை நம்பி விதைத்த கம்பும் சோளமும் உளுந்தும் பாசியும் தை மாசியில் வீடு வந்து சேர, பருத்தி மட்டும் செடியில் நிற்கும் பருவத்திலேதான் தைப்பூசமும் பங்குனி உத்திரமும் வருகின்றன. வழி காய்ந்திருக்கும், கையும் ஓய்ந்திருக்கும். கழுகுமலைக் காவடி அக்காலத்து நிகழ்வது இம்மண்ணின் வேளாண்மைக்கு மிகப் பொருந்துவது.

இத்தகைய வறண்ட நிலத்து மலையைப் பாடும் நூலில் நகர்வளமும் வாவிவளமும் கோயில்வளமும் பொங்கி வழிகின்றன. வெள்ளிமலை ஒத்த மேடைகளும், அவற்றின் உச்சியிற் பறக்கும் கொடிகளும், தேன் நுகரும் வண்டுகள் மொய்த்த சோலைகளும் அடுக்கி வருகின்றன. 'இது காப்பிய மரபு. மெய்ம்மை நோக்கற்க' என்று உரைத்து மேற்செல்வது எளிது. நாம் அவ்வாறு செல்ல விரும்பவில்லை. சென்னை மாகாணத்தை வாட்டிய 1876–78ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது இக்கவிஞர் பன்னிரண்டு வயதை ஒட்டிய சிறுவர். நீரின்மை என்னவென்று அறியாதவர் பாடிய வாவிவளம் அன்று இது. சிற்றாற்றங்கரையிலிருந்து புறப்பட்டு வெடித்த கரிசலில் நடந்து வருவோர்க்கு, நடையின் முடிவிலே நீரும் நிழலும் உண்டு என்று சொல்லும் பாட்டு வெறும் அணியாக இராது. கழுகுமலைப் பாறையின்மேல் விழும் மழை அடிவாரத்தைச் சேர்வதும், அங்கே குளம் அமைந்திருப்பதும் கண்கூடு. புலவர் மிகைப்படுத்தினார், ஆயின் இல்லாததைப் படைக்கவில்லை. இதே வட்டாரத்திற்குப் பழக்கமான திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் மலைவளம் பாடுவோள், அவ்வளத்தின் நடுவே நிற்பவள். காவடிச்சிந்திலோ வளம் பாடுவோர், அதனை இன்னும் சென்றடையாதவர். இவ்விரண்டு பாட்டின் வேகமும் வேறுபடுவதற்கு இதுவும் காரணம் ஆகலாம்.

கோயில்வளப் பகுதியில் நம் கவனத்தை மிகவும் ஈர்ப்பது ஒலியைப் பற்றிய ஒரு கற்பனை. அடியார் கூட்டம் ஓதும் திருப்புகழின் முழக்கம் வானோர் செவியை அடைத்து அண்டத்தையே பிளக்கின்றதாம். உயர்வு நவிற்சிதான். ஆனால் அருணகிரியாரின் சந்தம் இந்நூலின் தாய் என்பதைப் புலவர் தாமே ஒப்புக்கொள்ளும் இடமாகவும் அதனைக் கொள்ளலாம். அருணகிரிநாதர் கழுகுமலையையும் பாடியவர். அவர் சந்தம் வல்லெழுத்தும் மெல்லெழுத்தும் மாறிமாறி வரக் கட்டிய பெருங்கட்டடம். தனியொருவர் ஓத, பலர் கேட்டு வியப்பது. அதனைக் கூட்டத்தின் வாய்க்கு ஏற்ற அளவாகப் பகுத்து, இடையிடையே நிற்குமிடம் அமைத்தது அண்ணாமலையாரின் செயல். இளங்கோவடிகள் வரிப்பாடல்களைக் காப்பியத்துள் அழைத்துவந்து அமர்த்தினார்; இவர் திருப்புகழின் ஓசையையும் அந்தாதிப் புலமையையும் வழியில் இறக்கிவிட்டார்.

நூலின் பிற்பகுதியில் அகத்துறைப் பாடல்கள் வருகின்றன. முருகனை நினைந்து தலைவி வருந்துவதும், பாங்கியைத் தூது வேண்டுவதும், அவள் நிலையைப் பிறர் எடுத்துரைப்பதும் அவற்றின் பொருள். வழிநடைப் பாட்டிற்கு இவை எதற்கு என்று வினவுவோர் உண்டு. நூலைத் துண்டுதுண்டாகப் பாடும் வழக்கமே இவ்வினாவைத் தோற்றுவித்தது. முழுமையாகப் படிப்பின், முற்பகுதியில் கூட்டம் இறைவனை நோக்கி நடக்கின்றது. பிற்பகுதியில் ஒருத்தி நடக்க இயலாமல் இருந்த இடத்திலேயே இருக்கின்றாள். அவளுக்கு வழி இல்லை, தூதுதான் உண்டு. நெடுவழியில் நடப்போர் இரவுத் தங்கலில் பாடுதற்கு, வர இயலாது வீட்டில் இருந்தோரின் குரலைக் காட்டிலும் ஏற்றது எது? இவ்விரு பகுதியும் ஒன்றையொன்று நிரப்புகின்றன என்று கொள்ளின், தனித்தனிப் பாடல்களின் தொகை என்று எண்ணப்படும் இந்நூல் ஒரு கோவையாகத் தோன்றும். காப்பில் தொடங்கி, ஊரும் கோயிலும் கண்டு, கூட்டத்தின் முழக்கத்தைத் தாண்டி, ஒரு தனிக்குரலுக்கு வந்து சேரும் வைப்புமுறை தற்செயலாக நேர்ந்தது என்று நாம் கருதவில்லை.

இனிக் குறையும் கூறல் வேண்டும். அகத்துறைப் பாடல்களில் பெண்ணின் உறுப்புநலம் பாடுமிடங்கள் சமீன் அவைகளின் சுவைக்கு இணங்கி வழக்கமான உவமைகளையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அங்கே சந்தத்தின் விரைவு கருத்தின் வறுமையை மறைக்கின்றது. சில இடங்களில் இயைபின் பொருட்டே ஒரு சொல் வந்து நிற்பதையும் காண்கின்றோம். முதற்பகுதியின் சுறுசுறுப்பு இங்கே தளர்ந்துவிடுகின்றது. இதனை மறைத்துப் புகழ்வது கவிஞருக்குச் செய்யும் உதவி ஆகாது. எல்லாப் பாடல்களும் ஒருபடித்தாகச் சிறந்தவை என்று சொல்லும் பாராட்டுரைகள்தாம், கவிதை ஆராய்வோர் இந்நூலை ஐயத்தோடு நோக்குமாறு செய்துவிட்டன.

அண்ணாமலையார் மறைந்தபோது எட்டயபுரத்தில் சிறுவராக இருந்தவர் சுப்பிரமணிய பாரதியார் (பிறப்பு 1882). பிற்காலத்தே பாரதியார் நொண்டிச்சிந்து முதலியவற்றை நாட்டுப்பாடலுக்கும், பாஞ்சாலி சபதம் (1912) போன்ற பெருநூலுக்கும் கொண்டதைக் குறித்து, சிந்தை இலக்கியத்துள் ஏற்றியவர் அவரே என்று எழுதுவது நம்மிடை வழக்கமாகிவிட்டது. பாரதியாரின் பெருமை இதனால் கூடுவதுமில்லை, இதனை மறுத்தால் குறைவதுமில்லை. ஆயின் எட்டயபுரத்திலிருந்து மாட்டுவண்டி எட்டும் தொலைவிலுள்ள கழுகுமலையில், சந்தமும் புலமையும் நிரம்பிய ஒரு சிந்து நூல் அவர் இளமைக்கு முன்னரே கூட்டத்தின் வாயில் உலவியது என்பதை வரலாறு எழுதுவோர் விட்டுவிடலாகாது. பாரதியார் எளிய சொல்லையும் எளிய சந்தத்தையும் ஒருங்கே வேண்டினார். அண்ணாமலையார் சந்தத்தை எளிதாக்கினார். சொல்லை அவ்வாறு ஆக்கவில்லை. பொருள் முழுதும் விளங்காத சொற்களையும் மக்கள் பல தலைமுறை தம் வாயில் வைத்துக் காத்தனர் என்பது, எளிமை பற்றிய நம் கொள்கைகளுக்கு ஒரு தடை எழுப்புகின்றது. அதனை ஆராய்தல் மாணவர் எவருக்கேனும் நல்லதோர் ஆய்வுப்பொருள் ஆகும்.

மற்றொரு செய்தியும் இந்நூலைப் படிக்கும்போது நினைவிற் கொள்ளத்தக்கது. காவடியைத் தோளில் ஏற்றித் தீயருகே மெழுகுபோல் உருகி வருவோர் எவராயினும் இம்மையிலேயே இன்பநிலை எய்துவர் என்று கோயில்வளப் பாடல் கூறுகின்றது. 'எவராயினும்' என்னும் பொருளை அது தயங்காது உரைக்கின்றது. கவிஞர் மறைந்து நான்காண்டு கழிந்து, 1895இல், அதே கழுகுமலைத் தேர்வீதியில் யார் ஊர்வலம் செல்லலாம் என்று எழுந்த பூசல் உயிர்ச்சேதத்தில் முடிந்தது. கவிஞர் ஓர் இணக்கத்தைப் போதிக்கப் புகுந்தார் என்று நாம் சொல்லவரவில்லை. சமீன் அவைப்புலவர் அவர், அக்காலத்து வழக்கங்களுக்கு உட்பட்டவர். ஆனால் பாட்டின் வீதி திறந்திருந்தது, ஊரின் வீதி அவ்வாறில்லை. அந்தக் குறும்பகுதியிலே வந்து சேர்ந்து குரல் கொடுத்த கூட்டத்தில் யார் யார் இருந்தனர், யார் தொலைவில் நின்று கேட்டனர் என்பதைச் சந்தம் நமக்குச் சொல்லாது.

இந்நூலுக்கு இன்று வேண்டுவது, மெட்டும் தாளமும் குறித்து, நீண்ட பகுதியையும் குறும்பகுதியையும் வரியமைப்பிலேயே பிரித்துக் காட்டும் ஒரு பதிப்பு. இடமிச்சம் கருதி அடிகளை ஒன்றோடொன்று சேர்த்து அச்சிட்டால், கூட்டம் வந்து சேரும் இடம் கண்ணுக்குத் தெரியாமற் போகின்றது. மேடையில் தனியொருவர் பாடும்போதும் அவ்விடம் வெறும் அலங்காரமாகவே ஒலிக்கின்றது. தைப்பூசத்திற்கும் பங்குனி உத்திரத்திற்கும் கழுகுமலைக்குக் காவடிகள் இன்றும் வருகின்றன. பதிப்பாசிரியர் ஏட்டையும் அச்சுப் பிரதியையும் ஒப்புநோக்குவதோடு அமையாமல், அந்நாட்களில் அவ்வழியிலும் நின்று, எந்தச் சீரில் பலகுரல் எழுகின்றது என்று குறித்துக்கொள்ளல் வேண்டும்.